பாலிலும் டப்பாவிலும் ஒரே கிழங்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், நீ பாதி நம்பினால் போதும். நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இந்தக் கடிதமே அதற்காகத்தான். தினம் போனில் பேசுகிறோமே, அப்பாவுக்கு எதற்குத் திடீரென்று பேப்பரும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் நீ அழ ஆரம்பித்தால் எனக்கு வாய் கட்டிக்கொள்கிறது, எனக்கு வாய் கட்டிக்கொண்டால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், கடைசியில் சாப்பிட்டியாம்மா, சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டு வைத்துவிடுகிறோம். பேப்பர் என்றால் நான் நடுவில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம், நீயும் அப்படியே செய்யலாம். ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே, கடைசி வரிவரை படிக்க வேண்டும், மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது படிக்க வேண்டும். இரண்டும் அப்பாவின் கண்டிஷன்.

முதலில் வீட்டுச் சமாசாரம். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுக ஆரம்பித்தது, ஊரெல்லாம் வயரிங் பார்த்தவனுக்கு ஒரு வாஷர் மாற்றத் தெரியவில்லையா என்று உன் அம்மா கேட்பாளே, அந்தக் குரல் காதிலேயே இருந்ததால் நானே உட்கார்ந்து மாற்றினேன், இப்போது முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக ஒழுகுகிறது. சமையல் பரவாயில்லை, முட்டையை உடைக்காமல் வேக வைக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்த பெண்கள் நான்கைந்து பேர் துக்கம் கேட்க வந்தார்கள். கொடியில் காய்ந்து கிடந்த என் துணிகளை ஒருத்தி எடுத்து வந்து மடிக்க ஆரம்பித்தாள், உடனே எல்லாரும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள், போர்வையை ஒருத்தி அந்த முனையும் ஒருத்தி இந்த முனையும் பிடித்து உதறி, அம்மா மடிப்பது போலவே ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்து அடுக்கிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து ஒன்றையும் எடுத்து உடுத்த மனசு வரவில்லை. அடுக்கு அப்படியே நாற்காலியில் இருக்கிறது, நான் பழைய சட்டையையே துவைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் எழுதி நாளைத் தள்ளுகிறேன் என்று உனக்கே தெரியும், வயரில் கை வைக்கப் பயந்தவன் ஸ்விட்ச் போர்டைத் துடைத்துக்கொண்டே இருப்பது போல. விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் பேசும்போது ஒரு வார்த்தை சொன்னாய். ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் அம்மா முகம்தான் வருதுப்பா, தூக்கமே பிடிக்கல, அதனால அந்த அமுக்கரா மாத்திரையை இப்ப ஒண்ணுக்கு ரெண்டா போட்டுக்கறேன் என்று சொன்னாய். போகிற போக்கில் சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்குச் சளி பிடித்திருப்பதைப் பற்றிப் பேசப் போய்விட்டாய். மறுநாள் நானே கூப்பிட்டு அந்த மாத்திரை வேண்டாம்மா என்றேன், ஏம்ப்பா என்றாய், வேண்டாம்னா வேண்டாம், விட்டுடு என்றேன், நீ சிரித்தாய், உங்களுக்கு டப்பாவில வர்றது எதுவுமே ஆகாதேப்பா, நான் வருஷக்கணக்கா சாப்பிடறேன், எனக்கு ஒண்ணும் ஆகல, அம்மாவையே அதுதான தூங்க வச்சுது என்றாய். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும், அடுப்பில் பால் இருக்கு என்று பொய் சொல்லி போனை வைத்துவிட்டேன். காரணம் சொல்லாமல் நிறுத்து என்றால் நீ நிறுத்த மாட்டாய், என் மகளாயிற்றே. அதனால் காரணத்தைச் சொல்கிறேன். சொல்ல மாட்டேன் என்று உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், அதையும் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

உனக்குத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். வாழ்நாளெல்லாம் இரவு ஷிப்டில் நின்று, கொதிக்கிற நீராவியில் ஆஸ்பத்திரிப் போர்வை துவைத்தவள் உன் அம்மா. ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், ஆனால் அவள் உடம்புக்கு யாரும் ஓய்வு உத்தரவு கொடுக்கவில்லை. ஊர் தூங்கும் நேரத்துக்கு அவளுக்கு விழிப்பு வரும், எழுந்து போய் சத்தம் போடாமல் அலமாரியைக் கலைத்துக் கலைத்து மடிப்பாள். பகலெல்லாம் தலை கனக்கிறது என்பாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறாரே, அவர் கடைக்கு நான்தான் வயரிங் செய்தேன், அவரிடம் கேட்டேன். அமுக்கரா கிழங்கு கொடுங்க, அஸ்வகந்தான்னு சொல்றாங்களே அதுதான், நரம்புத் தளர்ச்சி, தூக்கம், அசதி எல்லாத்துக்கும் நல்லது என்றார். சும்மா வாங்கி வந்து கலக்கிவிடவில்லை அம்மாடி, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மண் போகக் கழுவி, பாலைக் கொதிக்க விட்டு அதன் ஆவியில் துணி கட்டி அவித்து, மொட்டை மாடியில் செய்தித்தாள் விரித்துக் காய வைத்து, இடித்து, அம்மாவின் பழைய துப்பட்டாவில் சலித்து, பாட்டிலில் போட்டு வைத்தேன். குதிரை லாயத்து வாடை அடிக்குது, இதை மனுஷன் குடிப்பானா என்று மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் முதல் நாள் குடித்தாள். பாலில் பனங்கற்கண்டு போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் தூங்க ஆரம்பித்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இந்த வீட்டில் மின்சாரத்தைத் தவிர வேறு ஒன்றையும் சரி செய்யத் தெரியாது என்று என்னைச் சொன்னவளை நான் தூங்க வைத்துவிட்டேன் என்று இருந்தது.

உன்னிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ, கடைக்காரர் பேச்சைக் கேட்டு அம்மாவுக்கு எதையாவது கரைச்சுக் குடுக்காதீங்கப்பா என்று திட்டுவாய் என்றுதான். என் மூட்டு வலிக்கு நான் ஒரு எண்ணெய் வாங்கியதற்கு நீ வீடியோ காலில் நடத்திய விசாரணையை நான் மறக்கவில்லை. நீயும் அதே போலத்தான். உன்னோடு வேலை பார்க்கிற பெண் ஊருக்கு வரும்போதெல்லாம் அம்மாவுக்குத் துணியும் செருப்பும் கொடுத்தனுப்பினாய், அதற்குள் சுருட்டி அந்த மாத்திரை டப்பாவையும் வைத்து, அப்பாகிட்ட காட்டாதீங்கம்மா, கிண்டல் பண்ணியே உங்களைச் சாப்பிட விடமாட்டார் என்று சொல்லியிருக்கிறாய். நியாயம்தான். நீ முன்பு ஒரு தடவை அனுப்பிய சத்து மாத்திரையைப் பார்த்து, கடையில காய் கனியெல்லாம் தீர்ந்து போச்சா, டப்பாவைத் திங்கறீங்களே என்று நான் வாரக்கணக்கில் ஓட்டினேன். இந்த வீட்டில் கிண்டலுக்குப் பயந்து எல்லாரும் எல்லாவற்றையும் ஒளித்து வைத்தோம். நடுவில் உன் அம்மா. நான் கொடுத்த பாலையும் குடித்தாள், நீ கொடுத்த மாத்திரையையும் போட்டாள். உன்னிடம், உன் மாத்திரைலதான் கண்ணு தூங்கறேன் என்றாள். என்னிடம், உங்க பாலைக் குடிச்சாதான் கண்ணு சொக்குது என்றாள். இரண்டு பேரும் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கிட்டத்தட்ட ஒரு வருஷம் போயிற்று.

பிறகுதான் அசதி வந்தது. சாப்பாடு இறங்கவில்லை என்றாள். கையெல்லாம் அரிக்குது என்று சொறிந்துகொண்டே இருந்தாள், இத்தனை வருஷம் சோப்புத் தண்ணியில ஊறின கைதானே, அரிக்காம என்ன செய்யும் என்றேன். அசதி என்றாளே என்று பாலில் பொடியை ஒரு கரண்டி கூட்டிப் போட்டேன். நீ தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான். உடம்பு வேண்டாம் என்று சொல்வதை, இன்னும் கொடு என்று கேட்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். நம் தெரு டாக்டரிடம் போனோம். வேற ஏதாவது மருந்து சாப்பிடறாங்களா என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான், ஒண்ணும் இல்லைங்க, இவ மாத்திரையே தொடமாட்டா என்று பெருமையாகச் சொன்னேன். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். நான் பொய் சொல்லவில்லை. பாலில் போடுகிற கிழங்கை மருந்து என்று நான் நினைக்கவே இல்லை. அவளும் பொய் சொல்லவில்லை. நீ அந்த மாத்திரையை மூலிகைதாம்மா, மருந்து இல்ல என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தாய். மூன்று பேரும் மருந்து இல்லை என்று நினைத்த ஒன்றை அந்த டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார். அஜீரணம் என்று சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு காலையில் கண்ணாடி முன்னால் நின்று, என்னங்க, இந்த பல்பை ஏன் மஞ்சளா மாத்தினீங்க என்று கேட்டாள். நான் பல்பை மாற்றவில்லை. அவள் கண்தான் மஞ்சளாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நடந்ததும் உனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நீ நினைக்கிறாய். அவள் துவைத்து மடித்த அதே ஆஸ்பத்திரி, அதே போர்வை, இது யாரு மடிச்சது, ஓரமே சேரல என்று படுக்கையிலும் குறை சொன்னாள். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார். அவர் மருந்து சாப்பிடறீங்களா என்று கேட்கவில்லை. காலைல எழுந்ததுலருந்து படுக்கற வரைக்கும் வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் சொல்லுங்க, சொல்ல வேண்டாம், எடுத்துட்டே வாங்க, வீட்ல பாட்டில்ல, டப்பால, பொட்டலத்துல இருக்கற எல்லாத்தையும் என்றார். நான் கிழங்குப் பொடி பாட்டிலை எடுத்து வரக் கிளம்பினேன். அப்போதுதான் அம்மா என் கையைப் பிடித்து, அலமாரில விருந்தாளிப் போர்வை இருக்கே, அதுக்குப் பின்னாடி ஒரு டப்பா இருக்கு, அதையும் எடுத்துட்டு வாங்க என்றாள். உன் டப்பாவை நான் முதல் முறை பார்த்தது அன்றைக்குத்தான். டாக்டரம்மா லேபிளைப் படித்துவிட்டு, என் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, ரெண்டும் ஒரே கிழங்குதாங்க என்றார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன், எதுக்கு ரெண்டையும் சாப்பிட்ட என்று கேட்டேன், நான் கேட்ட விதம் சரியில்லை, கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். அவ அவ்வளவு தூரத்துலருந்து அனுப்பறா, வேண்டாம்னு எப்படிச் சொல்றது, நீங்க மாடியில உக்காந்து காக்கா ஓட்டி காய வச்சது, அதை எப்படிக் கீழ ஊத்தறது என்றாள். பிறகு டாக்டரம்மா போனதும், அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க, தாங்கமாட்டா, சத்தியம் பண்ணுங்க என்றாள். கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு இது வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டையும் நிறுத்தினார்கள், ஊசி போட்டார்கள், மருந்து கொடுத்தார்கள், செய்யக்கூடியது எல்லாம் செய்தார்கள், ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாலைந்து நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள், பிறகு பேச்சு குழறியது, என்னை சூப்பர்வைசர் என்று கூப்பிட்டாள், பிறகு தூங்க ஆரம்பித்தாள். கல்லீரல் கைவிட்டால் அப்படித்தான் தூக்கம் வருமாம். தூக்கம் வேண்டும் என்றுதானே அம்மாடி நாம் இதை ஆரம்பித்தோம். வந்தது, எழுப்பத்தான் முடியவில்லை. நீ விமானத்தில் வந்துகொண்டிருந்தாய்.

எதனால் என்று அன்றைக்கு நீ என்னைக் கேட்டாய், அவங்களுக்கே சரியா தெரியலையாம் என்றேன். அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் நான் தனியாகப் போய் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டியிருந்தது. என் பாலா, மாத்திரையா, இல்லை இரண்டுமே இல்லையா. அவர் என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். இந்தக் கிழங்கு விஷம் இல்லைங்க, ரொம்பப் பேர் சாப்பிடறாங்க, பெரும்பாலும் ஒண்ணும் ஆகறதில்ல, தூக்கத்துக்கும் மனசு படபடப்புக்கும் கொஞ்சம் உதவுதுன்னு சின்னச் சின்ன ஆராய்ச்சிகள் இருக்கு, ஆனா அதெல்லாம் சில வாரம், ரெண்டு மூணு மாசம் குடுத்துப் பார்த்தது, வருஷக்கணக்கா சாப்பிட்டா என்ன ஆகும்னு யாரும் ஒழுங்கா பார்த்ததில்ல என்றார். அபூர்வமா சிலருக்குக் கல்லீரலை அடிக்குது, அந்தச் சிலர் யாருன்னு முன்னாடியே சொல்ல வழி இல்ல, பெரும்பாலும் நிறுத்தினா சரியாயிடும், ஏற்கெனவே கல்லீரல் பழுதா இருக்கறவங்களுக்குத்தான் ஆபத்து என்றார். உன் அம்மாவின் பழைய ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று எழுதியிருந்ததாம், வயசானா எல்லாருக்கும் இருக்கறதுதான் என்று அதை நாங்கள் கவனிக்காமல் விட்டோம், அது உள்ளே வடுவாக மாறிக்கொண்டிருந்ததாம். நான் விடவில்லை, எதனாலன்னு ஒண்ணைச் சொல்லுங்க டாக்டர் என்றேன். காமாலைக்கு வேற காரணம் எதுவும் இல்லன்னு பார்த்துட்டோம், இந்தக் கிழங்கு காரணமா இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான் சொல்ல முடியும், எந்தக் கையிலருந்து வந்ததுன்னு எந்தப் பரிசோதனையும் சொல்லாதுங்க என்றார். ஒரு வீட்டில் ஃபியூஸ் போனால் ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்து எது என்று நான் சொல்லிவிடுவேன். மனுஷ உடம்பில் அப்படி முடியாதாம், அதுவும் எல்லாம் அணைந்த பிறகு.

மருந்துக் கடைக்காரரிடமும் போனேன். சண்டை போடத்தான் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அந்த மனிதர் தராசைப் பிடித்தபடி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எங்க அப்பா காலத்துலருந்து விக்கறேன், ஒருத்தரும் வந்து குறை சொன்னதில்லைங்க என்றார். அதை அவர் சொல்லும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. நல்லானவன் திரும்ப வந்து இன்னொரு பொட்டலம் கேட்பான், ஆகாதவன் ஆஸ்பத்திரிக்குப் போவான், இந்தக் கடைக்கு எதற்கு வரப்போகிறான். சண்டை போடாமல், அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது பார்க்கிறவர்கள் எல்லாரும் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று என்னிடம் சொல்கிறார்கள். எத்தனை அளவு என்று அந்தப் பழமொழியில் யாராவது எழுதி வைத்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. என் கரண்டிக்கும் அளவில்லை, உன் டப்பாவில் கிழங்கை எத்தனை மடங்கு சுண்டக் காய்ச்சி அடைத்திருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. கிழங்கை நான் பழிக்கவில்லை. மாத்திரை என்றால் டாக்டரிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற நாம், கிழங்கு என்றதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அம்மாடி, இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். நீ கிளம்பிய அன்று ஏர்போர்ட்டில் என் தோளில் சாய்ந்துகொண்டு, கடைசி ஒரு வருஷமாவது அம்மா நிம்மதியா தூங்கினாங்கப்பா, என்னால அது ஒண்ணாவது முடிஞ்சுதே என்றாய். அதற்கு இரண்டு நாள் முன்னால் அலமாரியை ஒழிக்கும்போது, நான் அனுப்பின டப்பா இருக்காப்பா என்று தேடினாய், தெரியலையே என்றேன். அது என் டூல் பையில், டெஸ்டருக்கும் டேப்புக்கும் அடியில் இருந்தது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. தூரத்தில் இருக்கிற பெண்ணுக்கு ஆறுதல் என்று அந்த ஒன்றுதானே இருக்கிறது, அதையும் எப்படிப் பிடுங்குவது என்று இருந்தேன். உன் அம்மாவும் அதை நினைத்துத்தான் சத்தியம் வாங்கினாள். நீ ஒன்றுக்கு இரண்டு போடுகிறேன் என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் சாகும் வரை வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவள் தூங்கியது நிஜம். அதை நான் பக்கத்தில் படுத்துப் பார்த்தவன், வாயைத் திறந்து லேசாகக் குறட்டை விட்டாள், பல மாசம் அப்படித் தூங்கினாள். அதில் உன் பங்கு எவ்வளவு என் பங்கு எவ்வளவு என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. மற்றதிலும் அப்படித்தான். நல்லதில் உனக்கு எவ்வளவு பங்கோ கெட்டதிலும் அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு குண்டுமணி கூட நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. கரண்டியைக் கூட்டிப் போட்டவன் நான். எனக்கும் தூக்கம் இல்லைதான். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ ஒரு வேர் சொன்னார், கும்பிடு போட்டு அனுப்பிவிட்டேன். முழித்துக்கொண்டே இருக்கிறேன், அம்மாவும் இப்படித்தானே இருந்திருப்பாள் என்று இருக்கிறது, அவள் பட்ட கஷ்டம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

நீ செய்ய வேண்டியது இதுதான், தள்ளிப் போடாதே. இன்றைக்கே மாத்திரையை நிறுத்து. டப்பாவைத் தூக்கி எறியாதே, அதைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ, எவ்வளவு நாளாக எத்தனை போடுகிறாய் என்று ஒளிக்காமல் சொல், கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல். உனக்கு ஒன்றும் இருக்காது, உன் உடம்பு வேறு அம்மா உடம்பு வேறு, ஆனால் இருக்காது என்று நினைத்து விட்டதில்தான் நான் இப்படி உட்கார்ந்திருக்கிறேன். இனிமேல் எந்த டாக்டர் எது சாப்பிடறீங்க என்று கேட்டாலும், மருந்து, மூலிகை, கஷாயம், பொடி, அம்மா சொன்னது, அப்பா கொடுத்தது எல்லாவற்றையும் சொல்லு. கண் வெள்ளையைக் கண்ணாடியில் பார்த்துக்கொள். தூக்கம் வரவில்லை என்றால் வரவில்லை என்று அந்த டாக்டரிடமே சொல், மாப்பிள்ளையை எழுப்பு, இல்லை என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் நான் முழித்துத்தான் இருப்பேன், பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சும்மா இருக்கலாம். எது அனுப்பினாலும் இனி எனக்குத் தெரிந்து அனுப்பு, நானும் எது சாப்பிட்டாலும் உனக்குச் சொல்கிறேன். கிண்டல் செய்ய மாட்டேன் என்று சொல்ல வரவில்லை, கிண்டல் செய்துவிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

பரிசோதனை ரிசல்ட் வந்ததும் போன் செய். நல்லா இருக்குப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாலும் போதும், மற்றதை நீ ஊருக்கு வரும்போது பேசுவோம். மாப்பிள்ளைக்குச் சளி விட்டதா, கேட்டதாகச் சொல். குழாயைச் சரி செய்ய ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். நாற்காலியில் இருக்கிற துணி அடுக்கிலிருந்து நாளைக்கு ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், பார்ப்போம். நீ நூறு வயசு குறையில்லாமல் இருக்க வேண்டும், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒளிவுமறைவு இல்லாமல் இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. உன் அம்மா என்னிடம் கேட்ட அந்த ஒரே ஒரு சத்தியத்தையும் நான் காப்பாற்றவில்லை. என்றைக்காவது அவள் முன்னால் போய் நிற்கும்போது கேட்பாள். சொல்லிட்டேன்மா, ஆனா பொண்ணு நல்லா இருக்கா என்று பதில் சொல்லத்தான் இதை எழுதினேன். அந்தப் பதிலை எனக்குக் கொடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகப் போன் பக்கத்திலேயே இருக்கும்
அப்பா